பங்குனியில் செல்விக்குச் சதை பிடித்தது

1986 மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே அனல். கடை முன்னால் தெளித்த தண்ணீர், வாளியை உள்ளே வைத்துத் திரும்புவதற்குள் காய்ந்துவிட்டது. வி.நகர் மண்டியில் இருந்து லோடு. துவரை, உளுந்து, பொட்டுக்கடலை, மண்டை வெல்லம். இறக்கி அடுக்க மதியமாகிவிட்டது.

இந்த டைரி மண்டிக்காரர் வருஷப் பிறப்புக்கு இவருக்குக் கொடுத்தது. இவர் கணக்கெல்லாம் சிட்டையில்தான். டைரி கிழிபட்டு மல்லித்தூள் மடிக்கப் போக இருந்தது. பிடுங்கி வைத்துக்கொண்டேன். எம்.ரெட்டியபட்டியில் பத்தாவது படித்த பெண்டாட்டி வாய்த்தவருக்கு இந்த நஷ்டம் இருக்கட்டும்.

சாந்தா மறுபடி முழுகாமல் இருக்கிறாள். என் கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. தெருவுக்குத் தெரிந்ததும் ஆளுக்கு ஒரு வாய்: "மாசமா இருக்கவ பால் கெட்ட பாலு. குடிச்சா மூத்தது சவலை விழுந்துரும். பிரிச்சுப் போட்ரு தாயி."

மூத்தது செல்வி. ஒன்றரை வயசு. மார்பில் வேப்பிலை அரைத்துப் பூசியாகிவிட்டது. வாய் வைத்தவள் நிமிர்ந்து சாந்தாவைப் பார்த்தாள் பாருங்கள் (யாரைப் பாருங்கள் என்கிறேன், தெரியவில்லை). அழக்கூட இல்லை முதலில். பிறகு அழுத அழுகை ஊருக்கே கேட்டது.

பெற்றவள் வாசனை பட்டால் பால் கேட்கும், அதனால் பகலும் ராத்திரியும் என்னிடம் என்று முடிவு. சாந்தாவே தூக்கி வந்து கொடுத்தாள். "அக்கா, இனிமே இவ ஒங்க பிள்ள."

அவள் சும்மா சொன்னாள். எனக்குச் சும்மா இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம். அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தோஷம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சந்தோஷம்.

மார்ச் 8, சனி

பால்காரன் வரவில்லை. கரண்ட் இல்லை.

செ. சாப்பாடு: காலையில் வரக்காப்பியில் தொட்டு ரெண்டு பிஸ்கட். பிறகு ஜவ்வரிசிக் கஞ்சி, சீனி போட்டு. மதியம் குழைந்த சோறு, ரசம் தெளிவு. சாயங்காலம் மறுபடி பிஸ்கட். நல்ல அரிசி, பொன்னி. கம்பும் கேப்பையும் கடைக்கு வருகிற கூலிக்காரச் சனத்துக்கு நிறுத்துப் போடுகிறதோடு சரி, எங்கள் அடுப்பில் ஏறாது. இவர் பெருமையாகச் சொல்வார், "நம்ம வீட்டுப் பிள்ளைக நெல்லுச்சோறு திங்கிற பிள்ளைக."

என்னைப் "பெய்ம்மா" என்கிறாள். பெரியம்மாதான் அப்படி ஆகிவிட்டது. இன்றைக்குப் பத்துத் தடவை கூப்பிட வைத்தேன்.

மார்ச் 12, புதன்

செ.க்கு ரெண்டு நாளாக வயிற்றால் போகிறது. பச்சையாக. பால் நிறுத்தம், பருப்புத் தண்ணீர் நிறுத்தம், நெய் நிறுத்தம். எல்லாம் மந்தம். ஜவ்வரிசியும் ஆரோட்டு மாவுக் கஞ்சியும் மட்டும். இந்த வீட்டில் பத்தியம் என்றால் போலீஸ் ஸ்டேஷன்தான். ரசத்துக்குக் கடுகு வெடித்தால்கூட இவர் கடையில் இருந்து குரல் கொடுக்கிறார்.

குறை சொல்லவும் மனசு வரவில்லை. இவர் கூடப் பிறந்த தங்கச்சி ஒன்று நடக்கிற வயசில் வயிற்றால் போய்ச் செத்தது. அதற்கு முந்தின நாள் யாரோ கடலை மிட்டாய் கொடுத்தார்களாம். அதில் இருந்து, மூட்டை மூட்டையாகக் கடலை விற்கிற மனுஷர் பிள்ளை பக்கத்தில் ஒரு கடலையை விடமாட்டார்.

மார்ச் 19, புதன்

வயிற்றுப் போக்கு நின்றது. பிள்ளை மட்டும் பழைய பிள்ளை இல்லை. வைத்த இடத்தில் இருக்கிறாள். வாசலில் கோழி போனால் எழுந்து விரட்டுவாள் முன்னே. இப்போது பார்ப்பதோடு சரி. முடி செம்பட்டை அடித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி, "சினிமாக்காரி முடி மாரில்ல இருக்கு!" என்றாள். சிரித்துவைத்தேன்.

பால்வாடி டீச்சர் சோப்பு வாங்க வந்தாள். திருச்சுழிப் பொண்ணு, தினம் பஸ்ஸில் வந்து போகிறவள். மாசம் ஒரு நாள் ஊர்ப் பிள்ளைகளை எடை போட்டு, எடை குறைந்ததுக்கெல்லாம் சத்துருண்டை கொடுக்கிறார்கள். செ.யைப் பார்த்தவள் சோப்பை மறந்து நின்றுவிட்டாள்.

"அக்கா, பிள்ள மெலிஞ்சிருச்சே. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, எடை போட்டுப் பாத்துருவோம்."

இவர் கல்லாவில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. "ஏம்மா, இந்தக் கடையில ஊரே வாங்கித் திங்குது. எங்க வீட்டுப் பிள்ள தட்டத் தூக்கிட்டு அங்கன வந்து ஒக்காரணுமாக்கும்? பிள்ளைய நிறுக்கிறதுன்னு வேற. அது என்ன சரக்கா?"

"சரக்குன்னா தெனம் நிறுக்கிறீகளே அண்ணாச்சி, பிள்ளைய ஒரு தடவ நிறுத்தா என்ன?"

நான் உள்ளே சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. பிள்ளையைத் தராசில் வைத்தால் கண் பட்டு வளராது என்பது இவர் அப்பா காலத்துப் பேச்சு. அவள் சோப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

இவர் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு அ.கோட்டைக்கு ஒரு கல்யாணத்துக்கு. கடை அடைப்பு. சாந்தா மசக்கையில் படுத்தபடி. சாக்கு விரித்துப் பெரிய தராசின் தட்டில் செ.யை உட்கார வைத்தேன். மறு தட்டில் படிக்கல்லாக ஏற்றினேன். ஆறரைக் கிலோ. ஒரு சிப்பம் சீனிக்கு எத்தனை பிள்ளை என்று ஒரு கேடுகெட்ட யோசனை வந்தது. திருஷ்டிக்கு மூன்று தடவை துப்பினேன்.

பால்வாடிக்குப் பின்பக்கமாகப் போய் டீச்சரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையும் மாவு அரைக்க வந்திருந்தாள். "ஒம்பது பத்தாவது இருக்கணும்க்கா" என்றாள். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"அக்கா, சோறு, ஜவ்வரிசி, சீனி எல்லாம் அடுப்பு விறகு மாரி. எரியும், தெம்பு வரும். விறகை மட்டும் வச்சு வீடு கட்ட முடியுமா? கல்லு மண்ணு வேணாமா? அதுதான் பருப்பு, பயறு, கடலை, பாலு, முட்டை. கீரை, பப்பாளி எல்லாம் மேல்பூச்சு, கண்ணுக்கும் தோலுக்கும். ஒங்க பிள்ள விறகாத் தின்னுட்டு இருக்கு."

"மந்தமாயிருமே?"

"வயித்தால போகையிலதான் நல்லாக் குடுக்கணும். கொஞ்சங் கொஞ்சமா, அடிக்கடி. போனதை எதை வச்சு ஈடு கட்டும் அது? கேப்பையும் பாசிப்பயறும் பொட்டுக்கடலையும் வறுத்து அரைங்க. வெல்லம் போட்டுக் கிண்டுங்க. ரெண்டு சொட்டு நல்லெண்ண. எல்லாம் ஒங்க கடையிலயே இருக்கேக்கா."

முட்டை எங்கள் வீட்டுக்குள் வராது, சைவம். மற்றதெல்லாம் இருக்கிறது. கை எட்டுகிற தூரத்தில், மூட்டையாக.

மார்ச் 25, செவ்வாய்

வறுத்தேன். வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. செ. ரெண்டு வாய் வாங்கினாள், மூன்றாவது வாயில் சாந்தா வந்து நின்றாள்.

"என்னக்கா குடுக்கிறீக? கடலையா? இப்பத்தான வயிறு நின்னிருக்கு!"

டீச்சர் சொன்னதை எல்லாம் சொன்னேன். விறகு, கல், மண். என் வாயில் அது டீச்சர் வாயில் வந்த மாதிரி வரவில்லை.

"ஒங்களுக்கு என்னக்கா. பெத்திருந்தா தெரியும்."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அழுதாள், மன்னிப்புக் கேட்டாள், வாந்தி எடுத்தாள். தலையைப் பிடித்துவிட்டேன். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். ஜவ்வரிசி காய்ச்சினேன்.

நல்ல பிள்ளை சாந்தா. ஏழு வருஷத்தில் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அதனால்தான் இப்படிக் குத்துகிறது. பெறாதவள் எதை வைத்து வாதாடுவாள்.

மார்ச் 31, திங்கள்

பங்குனிப் பொங்கல் வருகிறது. வெள்ளை அடிப்பு. கடையில் கூட்டம்.

ஒரு நல்ல சேதி: செ. தேறி வருகிறாள்! கன்னம் உப்பியிருக்கிறது. கொழுந்தன்தான் முதலில் சொன்னது, "மதினி, நம்ம செல்விக்கு சதை பிடிச்சிருச்சு பாத்தீகளா?" பார்த்தேன். ஆமாம். கால் கூட உருண்டு திரண்டு. மாரியம்மன் கோவில் பூசாரி மந்திரித்த கயிறு வேலை செய்கிறது என்று இவர். பத்தியம் காத்ததால் என்று சாந்தா. நான் கட்டி முத்தம் கொடுத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

கொலுசு இறுகிவிட்டது. காலில் பதிந்து தடம். கழற்றுவதற்குள் பிள்ளை முனகி முனகி. பெரிசு பண்ண ஆசாரியிடம் இவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு வந்திருப்பார், நடையிலேயே தெரிந்தது.

மதியம் கடை சாத்தியதும் மறுபடி தராசில் வைத்தேன். ஏழரைக்கு மேல்! பத்து நாளில் ஒரு கிலோ. மூட்டைகளுக்கு நடுவில் நின்று தனியாகச் சிரித்தேன். டீச்சரிடம் ஓடினேன். பால்வாடி பூட்டு, ஏதோ டிரெய்னிங் என்றார்கள். வரட்டும், சொல்ல வேண்டும்: அம்மா தாயே, உன் கல்லும் மண்ணும் இல்லாமலே வீடு எழும்பிவிட்டது.

சாந்தா சொன்னாள், "எங்கக்கா கைராசி." ஒரு வாரமாக மனசில் கிடந்த முள் போயே போச்சு.

ஏப்ரல் 6, ஞாயிறு

செ. தொட்டால் அழுகிறாள். தூக்கினால் அழுகிறாள். அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு முனகல், நிறுத்தாமல். கஞ்சி வேண்டாம். பிஸ்கட் வேண்டாம். "பெய்ம்மா" என்று கூப்பிடுவதும் இல்லை. குளிப்பாட்டும்போது தொடைக்குப் பின்னால் தோல் பொருக்குப் பொருக்காக உரிந்து வந்தது, கீழே சிவப்பு. வேர்க்குருவோ என்று மஞ்சள் பூசினேன். முகம் மட்டும் பௌர்ணமி மாதிரி வட்டமாக.

ஏப்ரல் 7, திங்கள்

டீச்சர் வந்துவிட்டாள். செ.யை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே போனேன். "பாரு, எப்பிடித் தேறிட்டான்னு" என்று சொல்லத்தான் போனேன், அதே வாயால் "சாப்பிட மாட்டேங்கிறா" என்றும் சொன்னேன்.

டீச்சர் பிள்ளையின் பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். குழி விழுந்தது. மாவில் விரல் வைத்த மாதிரி, அப்படியே நின்றது குழி.

"இது சதை இல்லக்கா." மறு பாதத்திலும் அழுத்திப் பார்த்தாள். "தண்ணி. உள்ள சத்து இல்லைன்னா இப்பிடித்தான் நீர் கோத்துக்கும். எடையும் ஏறும். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. கஞ்சி கிஞ்சி காச்சிட்டு நிக்காதீக."

இவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. லோடு இறக்க வந்த வேனை அப்படியே திருப்பச் சொன்னார். பாதி மூட்டை வேனிலேயே.

ஏப்ரல் 8, செவ்வாய்

அ.கோட்டையில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். இவரும் நானும். கடையைக் கொழுந்தன் பார்க்கிறார்.

டாக்டரம்மா வயசானவர். பிள்ளையின் மூக்கில் குழாய் விட்டுக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா குடுத்தீங்க இவ்வளவு நாளா?"

சொன்னேன்.

"வீட்டுக்காரர் என்ன தொழில்?"

இவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நான்தான், "பலசரக்குக் கடை" என்றேன். டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வயிறு நெறஞ்சுதான் இருந்திருக்கு. உடம்பு பட்டினி கெடந்திருக்கு" என்றார், அவ்வளவுதான்.

இவர் வெளியே வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். வெகுநேரம்.

ஏப்ரல் 9, புதன்

பால், சீனி, எண்ணெய் மூன்றும் கலந்து, குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரேயடியாகக் கொடுத்தால் நெஞ்சு தாங்காதாம். உடம்பு குளிரக்கூடாது, மூடியே வைக்கணும். இந்த வெயிலில் கம்பளி.

வீக்கம் வடிகிறது. எடை இறங்குகிறது. "எறங்கட்டும், நல்லதுதான்" என்கிறார் டாக்டரம்மா. வடிந்த பிறகு பார்த்தேன். கன்னம் இல்லை. தொடை இல்லை. தோல் மட்டும் மடிப்பு மடிப்பாக, பெரிய அண்ணன் சட்டையைப் போட்ட மாதிரி. இதுதான் என் பிள்ளை. இத்தனை நாள் நான் கொஞ்சியது, முத்தம் கொடுத்தது, ஊருக்குக் காட்டியது எல்லாம் தண்ணீரை.

எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

சாந்தா வந்தாள், கொழுந்தனோடு. மாசமாக இருப்பவள் சவலைப் பிள்ளையைத் தொட்டால் வயிற்றில் இருப்பதுக்கு ஆகாது என்று ஊரில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வார்டு வாசலிலேயே நின்றாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

டாக்டரம்மா பார்த்துவிட்டார். "நீதான் அம்மாவா? ஏன் அங்க நிக்கிற? பால் எப்ப நிறுத்துன?"

"மாசமானதும் நிறுத்திட்டேம்மா. கெட்ட பாலு..."

"யாரு சொன்னா கெட்ட பாலுன்னு? மாசமா இருந்தா பால் கெட்டுப் போகாதும்மா. நீயும் நல்லாச் சாப்பிட்டுட்டு, அதுக்கும் குடுத்திருக்கலாம். மத்த சாப்பாட்டோட அதுவும் போயிருக்கணும்."

சாந்தா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, யாரையும் கேட்காமல் உள்ளே வந்து பிள்ளையை மடியில் வாங்கி ரவிக்கையை அவிழ்த்தாள். "இன்னும் கொஞ்சம் சொரக்குதுக்கா, வத்தல" என்றாள் என்னிடம். செல்வி உதட்டில் மார்பு பட்டதும் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவு பலவீனத்திலும் கசப்பு ஞாபகம் இருந்திருக்கிறது. சாந்தா திருப்பித் திருப்பிக் கொண்டுவந்தாள். செல்வி ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கசக்காதுடி. கசக்காதுடி தங்கம். அம்மா கழுவிட்டேன்டி."

நர்ஸ் ஒருத்தி மறைப்பை இழுத்துவிட்டுப் போய்விட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் செ.க்கு இருமல். கொழுந்தனும் சாந்தாவும் கடைசி பஸ்ஸுக்குப் போனார்கள்.

ஏப்ரல் 12, சனி

நேற்றுக் காலை.

சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. உடம்பில் எதிர்க்கத் தெம்பில்லை என்றார்கள். கம்பளிக்குள் கையை விட்டேன், பாதம் சில்லென்று. தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். நர்ஸ் என் கையைப் பிடித்து எடுத்தாள்.

டாக்சிக்காரன் பிணம் ஏற்ற மாட்டேன் என்றான். பஸ்ஸில்தான். கம்பளியைச் சுற்றி மடியில் போட்டு, முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுப் பொம்பளை, "நல்லாத் தூங்குதே பிள்ள. எம் பேரன்னா பஸ்ஸையே ரெண்டாக்கிருவான்" என்றாள். ஆமாம் என்றேன். முந்தானையால் விசிறிக்கொண்டு வந்தேன் வழி பூரா. இவர் முன் சீட்டில். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் விசிறுவதைப் பார்த்துவிட்டுத் தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டார், தோள் குலுங்கியது.

கண்மாய்க் கரையில் அடக்கம். சாந்தாவை விடவில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். என்னையும் கேட்கவில்லை. பொம்பளைகள் போகிற வழக்கமில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். வீட்டில் ஒன்றும் இல்லை. வேப்பம்பூ உதிர்ந்து முற்றமெல்லாம்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் சாந்தா பக்கம். அதுதானே முறை. "வகுத்துல ஒண்ணு இருக்குல்ல தாயி, மனசத் தேத்திக்க." எல்லாருக்கும் இதே வார்த்தை. நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். சொம்பை வாங்கியவர்களில் ஒருத்தியாவது என் முகத்தைப் பார்ப்பாளா என்று இருந்தது. சின்னப் புத்திதான். எனக்கு வயிற்றில் ஒன்றும் இல்லையே, எதைச் சொல்லித் தேற்றுவார்கள் பாவம்.

டீச்சர் வந்தாள். கடைக்குள் நுழையாமல் தெருவில் நின்றாள். இவர் இறங்கிப் போய், "உள்ள வாம்மா" என்றார்.

ஏப்ரல் 16, புதன்

கடை திறந்தாயிற்று. காற்று இல்லை. புழுக்கம்.

சாந்தாவுக்குப் பாசிப்பயறு வேகவைத்துக் கொடுத்தேன். இவரே அளந்து கொடுத்தார், கேட்காமலே. மறுப்புச் சொல்லாமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது.

"அக்கா."

"சொல்லு."

"ஒங்களக் குத்தம் சொல்லலக்கா. சாமி சத்தியமா. நான்தான் குடுக்கவிடல. எல்லாம் எனக்குத் தெரியும்."

"சொல்லுடி."

"இந்தப் பிள்ளைய ஒங்ககிட்டத் தரமாட்டேன். யாரு என்ன சொன்னாலும் பிரிக்க மாட்டேன். எங்கிட்டயே வச்சுக்கிருவேன்."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். கை வயிற்றின் மேல் இருந்தது. அது சரிதான். டாக்டரம்மா சொன்னதும் அதுதான். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லணும்.

"தராதடி" என்றேன்.

கிண்ணத்தை வாங்கிக் கழுவப் போனேன்.